மாற்று ரொக் கேட்டால் பிள்ளையள் கெட்டுப் போவினமா? (திருகோணமலை இழை; எழுதினவையின்ர பேருக்குப் பதிலா அவையின்ர ஊர்)

உவர்மலை | 4 யூன் 2024, இரவு 9.12

எங்கட ஒழுங்கையில ஐஞ்சு பிள்ளையள் சேர்ந்து பான்ட் ஒண்டு தொடங்கியிருக்கினம். வாசிக்கிறது முழுக்க ஓல்டர்நேட்டிவ் ரொக், அதுதான் மாற்று ரொக். ஓகஸ்டில ஒரு சின்ன மண்டபத்தில நிகழ்ச்சி வைக்க அனுமதி கேக்கினம். பெற்றோர் ரெண்டாப் பிரிஞ்சு நிக்கினம். ஒரு பக்கம், "அது சோர்வுப் பாட்டு, கேக்கிற பிள்ளையை இருட்டுக்குள்ள தள்ளும், நிர்வாணா பான்டில பாடின கேர்ட் கோபேனே உயிரை மாய்ச்சவர்" எண்டு சொல்லுது. மற்றப் பக்கம் "பாட்டுத்தானே, விடுங்கோ" எண்டு சொல்லுது. ரெண்டு பதிலும் போதாது. இந்த இசை கேட்டவையையும் அவையின்ர சமூகத்தையும் உண்மையில என்ன செய்தது? தெரிஞ்சவை ஆதாரத்தோட எழுதுங்கோ.

அலஸ்தோட்டம் | 4 யூன் 2024, இரவு 11.40

முதல்ல எது மாற்று எண்டு பாக்க வேணும். 1980களின் தொடக்கத்தில அமெரிக்காவில பெரிய வானொலிகள் எடுக்காத பாட்டுகளைப் பல்கலைக்கழக மாணவர் நடத்தின சின்ன வானொலிகள் போட்டுது. ஜோர்ஜியா மாநிலத்தில ஏதென்ஸ் எண்ட பல்கலைக்கழக ஊரில 1980 இல தொடங்கின ஆர்.ஈ.எம்., மினியாபொலிஸில ஹுஸ்கர் டூ, இங்கிலாந்தின் மான்செஸ்டரில 1982 இல த ஸ்மித்ஸ் எண்ட பான்டுகள். இவையின்ர சத்தம் ஒண்டுக்கொண்டு ஒத்தே வராது. பொதுவா இருந்தது வேலை செய்த முறைதான்: சின்ன இசைத்தட்டுக் கம்பனி, சொந்தமா ஒழுங்கு செய்த நிகழ்ச்சி, வான் வண்டியில ஏறி ஊர் ஊராப் பயணம், கையால ஒட்டி ஃபொட்டோக்கொப்பி அடிச்ச சிற்றிதழ்.

பாட்டு வரியில இருக்கிற சோகத்தை மட்டும் பாத்துத் தீர்ப்புச் சொன்னால் விசயத்தின்ர அரைவாசி தவறிப் போகும். காசும் அனுமதியும் பேரும் இல்லாத ஆக்களுக்கு "நாங்களே செய்யலாம்" எண்டு காட்டினதுதான் இந்த இசை சமூகத்துக்குச் செய்த பெரிய வேலை. திருகோணமலை மாதிரி ஊருக்கு அதுதான் பெறுமதி.

சீனன்குடா | 5 யூன் 2024, காலை 7.05

இது 1991 இல அமெரிக்காவின்ர சியாட்டிலில பிறந்த சாமான் எண்டுதான் எல்லா இடமும் எழுதியிருக்கு.

அலஸ்தோட்டம் | 5 யூன் 2024, பகல் 1.20

1991 இல பிறக்கேல்லை, கடைக்கு வந்தது. அந்த வருசம் செப்டெம்பர் 24 நிர்வாணாவின் இரண்டாவது இசைத்தட்டு வெளியானபோது அமெரிக்கக் கடையளுக்குக் கம்பனி அனுப்பினது ஏறத்தாழ 46,000 பிரதி. இவ்வளவு பெரிசா விக்கும் எண்டு அவையே நினைக்கேல்லை. 1992 ஜனவரி 11 அன்று அதே தட்டு மைக்கல் ஜாக்சனின் புதுத் தட்டை இறக்கி பில்போர்ட் விற்பனைப் பட்டியலில முதலிடத்துக்கு வந்தது. அதுக்குப் பிறகு மிச்சப் பெரிய கம்பனியளும் காசோலையோட சியாட்டிலுக்கு ஓடினது. பத்து வருசம் மற்றவை போட்ட பாதையில அவை வந்து நிண்டவை.

நிர்வாணாப் பாட்டில கேக்கிற, சத்தம் கூடிக் குறையிற பாட்டமைப்பும் சியாட்டிலின் கண்டுபிடிப்பில்லை. பொஸ்டனில 1986 இல தொடங்கின பிக்சீஸ் பான்ட் அதைச் செய்து காட்டினவை. கோபேன் அதைத் தானே வெளிப்படையாச் சொன்னவர்.

பாலையூற்று | 5 யூன் 2024, இரவு 8.33

கேள்வி சோர்வைப் பற்றினது. அதுக்கு நேரா ஒருத்தரும் வரேல்லை. 1994 இல கேர்ட் கோபேன் இறந்த பிறகு ரசிகர் கனபேர் அவரைப் பின்பற்றினவை எண்டுதானே கதை.

அலஸ்தோட்டம் | 6 யூன் 2024, இரவு 10.15

அந்தக் கதைக்கு எதிரான தரவு இருக்கு. 1994 ஏப்ரலில அவர் இறந்த பிறகு சியாட்டில் அமைந்த கிங் கவுண்டியில என்ன நடந்தது எண்டு டேவிட் ஜோப்ஸும் சக ஆய்வாளரும் 1996 இல வெளியிட்டவை. பிரபலம் ஒருத்தர் இப்பிடி இறந்தால் அதைப் பாத்து மற்றவையும் செய்வினம் எண்ட பயம் நியாயமானது, வேற இடங்களில அப்பிடி நடந்துமிருக்கு. ஆனால் சியாட்டிலில அடுத்து வந்த வாரங்களில அந்தக் கூடுதல் தெரியேல்லை. மாறா, உதவி கேட்டு நெருக்கடித் தொலைபேசிக்கு வந்த அழைப்புகள் கூடினது.

ஏன் எண்டதுக்கு அவை காட்டின காரணங்கள் எங்களுக்கு முக்கியம். ஏப்ரல் 10 அன்று சியாட்டில் சென்டரில ஏறத்தாழ 7,000 பேர் கூடி மெழுகுதிரி ஏத்தினவை. துயரத்தை ஒளிச்சு வைக்கேல்லை. அந்த மரணத்தை வீரமாக் காட்டாமல், இது வீணாப் போன உயிர் எண்டு ஊடகம் சொன்னது. எங்க உதவி கேக்கலாம் எண்ட விபரமும் சேர்ந்து வந்தது. எங்கட மண்டபத்திலயும் வாசலில 1926 எண்ட தேசிய மனநல உதவி இலக்கத்தைப் பெரிய எழுத்தில ஒட்டி விடலாம். ஒரு தாள், ஒரு சல்லோரேப், அவ்வளவுதான் செலவு.

இன்னொரு ஆய்வு: குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில ஷார்மன், டிங்கிள் ரெண்டு பேரும் 2015 இல வெளியிட்டது. கடும் இசை கேக்கிற 39 பேர், 18 தொடக்கம் 34 வயது. அவையைக் கோபப்படுத்திற விசயங்களை 16 நிமிசம் கதைக்க வைச்சு, பிறகு பாதிப் பேரைப் பத்து நிமிசம் தங்கட பாட்டைக் கேக்க விட்டவை, மிச்சப் பேரைப் பேசாமல் இருக்க விட்டவை. ரெண்டு பக்கமும் பகையுணர்வும் எரிச்சலும் இறங்கினது. பாட்டுக் கேட்டவைக்கு உற்சாகம் கூடினது. அதில இருந்தது மெட்டல், பங்க், ஹார்ட்கோர், ஈமோ வகையள், ஓல்டர்நேட்டிவ் எண்டு தனியா இல்லை. 39 பேரை வைச்சு உலகத்துக்குச் சட்டம் எழுதேலாது. ஆனால் "கேட்டாலே கோபம் வரும்" எண்ட வாதத்துக்கு அது நல்ல மறுப்பு.

பாலையூற்று | 6 யூன் 2024, இரவு 11.02

அந்த இலக்க ஒட்டுதல் நல்லது. ஏற்கனவே சோர்ந்து கிடக்கிற பிள்ளை அதே பாட்டைத் தனியாத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டால்?

அலஸ்தோட்டம் | 7 யூன் 2024, காலை 6.30

அது கவனிக்க வேண்டிய இடம்தான். பாட்டை நிப்பாட்டுறதில பயனில்லை, ஹெட்ஃபோனைப் பறிச்சால் கதவை மூடும். நித்திரை, சாப்பாடு, கூட்டாளியளோட பழகிறது மாறியிருக்கா எண்டு பாருங்கோ. மாறியிருந்தால் பாட்டைப் பற்றிக் கதையைத் தொடங்குங்கோ. "இதில எந்த இடம் பிடிக்கும்?" எண்டு கேட்டால் பிள்ளை வாய் திறக்கும். "ஏன் இந்தக் கண்றாவியைக் கேக்கிறாய்?" எண்டால் திறவாது.

திருக்கடலூர் | 8 யூன் 2024, மாலை 5.47

சோகப் பாட்டு உதவிக்கு வந்த இடமும் இருக்கு. ஆர்.ஈ.எம். 1992 இல வெளியிட்ட, "எல்லாரும் நோகினம்" எண்ட கருத்தில அமைந்த பாட்டு இளம் வயதுக்காரருக்கு எண்டே எளிமையா எழுதப்பட்டது. 1995 இல நெருக்கடியில இருக்கிறவைக்கு உதவுற பிரித்தானியாவின் சமாரிட்டன்ஸ் அமைப்பு பத்திரிகை விளம்பரத்தில அந்தப் பாட்டின்ர வரிகளையும் தங்கட தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் போட்டது. உதவி கேக்கத் தயங்கிற இளம் ஆண்களுக்காக.

வாசிக்கிறதும் லேசு. டி, ஜீ எண்ட ரெண்டு கோர்ட்தான் (சேர்த்து வாசிக்கிற சுரக்கூட்டு) அடித்தளம். ஒரு தாளச்சுற்றுக்கு ஆறு சுரம், பிக்கால ஒவ்வொரு தந்தியா: கீழ் சுரத்தில தொடங்கி மேல ஏறி இறங்கும். பிழை எங்க வரும் எண்டால் வேகத்தில. பிள்ளையள் ஜீக்கு மாறேக்க அவசரப்படுவினம். தாளம் அடிக்கிற மெட்ரோனோமை ஆறுக்கும் அடிக்க விடாமல், ஒண்டிலயும் நாலிலயும் மட்டும் அடிக்க விடுங்கோ. இடைவெளி தானா ஒழுங்காகும்.

பாலையூற்று | 8 யூன் 2024, இரவு 9.10

ஆறு எண்டு சொன்ன உடன இதைச் சொல்ல வேணும். எங்கட பக்கத்துப் பறங்கியர் குடும்பங்களின்ர காஃப்ரிஞ்ஞா, பைலா எண்ட ஆட்டப் பாட்டுகளும் இதே ஆறில ஓடுறதுதான். கலியாண வீட்டில வயலினும் ரபான் மேளமும் பிடிக்கிற கை அந்த ஆறை நித்திரையிலயும் எண்ணும். அங்க அழுத்தம் துள்ளும், வேகமும் கூட. அந்த ஆர்.ஈ.எம். பாட்டில அதே எண்ணிக்கை மெதுவா நடக்கும். பான்டில ட்ரம்ஸ் வாசிக்கிற பிள்ளைக்குத் தாளம் பிடிபடாட்டி பாலையூற்றில ஒரு பைலாக் கையைக் கூப்பிட்டு பாதி வேகத்தில அடிக்கச் சொல்லுங்கோ.

அலஸ்தோட்டம் | 9 யூன் 2024, பகல் 12.25

அருமை. அதைத்தான் செய்ய வேணும்.

நிலாவெளி | 10 யூன் 2024, இரவு 7.55

ஆங்கிலப் பாட்டை அப்பிடியே பிரதி எடுத்து வாசிக்கிறதால ஊருக்கு என்ன லாபம்? தமிழில எழுதினால்தான் சமூகம், தாக்கம் எண்டு கதைக்கலாம். கேரளத்தில அவியல் பான்ட் முழுக்க மலையாளத்தில மாற்று ரொக் செய்து 2008 இல தட்டுப் போட்டது. சென்னையில த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரி 6 முதல் மேடை ஏறினது: கானா, பறை, ரொக் கிற்றார், ராப் எல்லாம் ஒரே மேடையில, சாதிக்கு எதிரா. கண்டியில பாரனொய்ட் ஏர்த்லிங் 2000களின் தொடக்கத்தில இருந்து கிரஞ்ச் (சியாட்டில் பாணி ரொக்) வாசிக்குது, அது ஆங்கிலத்தில.

தமிழில எழுதேக்க நடக்கிற முதல் கோளாறு குறில், நெடில். ஆங்கில மெட்டில நீட்டுற இடத்தில குறில் வந்தால் பொருளே மாறும்: "விடு" நீண்டால் "வீடு", "படு" நீண்டால் "பாடு". ஆகவே மெட்டை முதல்ல "லா லா" எண்டு பாடிப் பதிவு செய்து, நீளமா நிக்கிற சுரங்களுக்கு மட்டும் தாளில கோடு போடுங்கோ. அந்தக் கோட்டில நெடில் எழுத்து வர வேணும். பிறகுதான் மிச்சச் சொல்.

ரெண்டாவது, கோரஸின் (திரும்பத் திரும்ப வாற பல்லவி) கடைசி எழுத்து. கத்திப் பாடுற இடத்தில "நடந்து", "கிடந்து" எண்டு குற்றியலுகரத்தில முடிச்சால் வாய் திறக்காமல் சத்தம் செத்துப் போகும். ஆ, ஏ, ஓ இல முடியட்டும்: "கடலே", "வா", "போ". "கடல்" எண்டே முடிக்க வேணும் எண்டால் "ட" வில நிண்டு, தாளம் முடியேக்க மட்டும் "ல்" போடுங்கோ.

மூண்டாவது, ஸ்னேர் ட்ரம் அடி விழுறது நாலு எண்ணிக்கையில ரெண்டிலயும் நாலிலயும். தமிழ்ச் சொல்லின்ர முதல் அசை பாரம் கூடினது. வரியை ஒண்டில தொடங்காமல், அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்கிப் பாருங்கோ. பேச்சு மாதிரி வரும், பஜனை மாதிரிக் கேக்காது.

கிண்ணியா | 11 யூன் 2024, இரவு 10.48

கடல் காத்தில கிற்றார் வைச்சிருக்கிறது பற்றி யாரும் எழுதேல்லை. இழை முழுக்க வரலாறு, தந்தி துருப்பிடிச்சால் வரலாறு வாசிக்காது.

அலஸ்தோட்டம் | 12 யூன் 2024, இரவு 11.30

சரி, சாமான்.

தந்தி: வாசிச்சு முடிய உலர்ந்த பருத்தித் துணியால ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் இழுத்துத் துடைக்க வேணும். வேர்வையோட உப்புக் காத்தும் சேர்ந்தால் நிக்கல் பூச்சுத் தந்தி கெதியாக் கறுக்கும், சுரம் மங்கும், பிறகு ப்ரிட்ஜில (பெட்டியில தந்தி தாங்கிற இடம்) அறும். உறை போட்ட தந்தி விலை கூட, ஆனால் இங்க அது காசுக்குத் தகும். தடிப்பளவு 10–46 எடுங்கோ. 9–42 வேண்டாம், ஏன் எண்டால் மாற்று ரொக்கில ஆறாம் தந்தியை ஈயில இருந்து டிக்கு இறக்கிறது வழமை. 82.4 ஹேர்ட்ஸில இருந்து 73.4 க்கு வரும். மெல்லிய தந்தி அந்த இறக்கத்தில தளர்ந்து பலகையில அடிச்சு இரையும், பலமா அடிச்ச உடன சுரமும் மேல ஓடும்.

கழுத்து: இப்ப கச்சான் காத்து அடிக்குது, மரம் காயும், கழுத்து பின்னுக்கு வளைஞ்சு முதல் ஃப்ரெட்டுகளில (கழுத்தில பதிச்ச உலோகக் கம்பியள்) இரைச்சல் வரும். கார்த்திகை, மார்கழியில வாடைக்காத்தும் மழையும், மரம் ஊதி முன்னுக்கு வளையும், தந்தி உயரும். பாக்கிற முறை: முதல் ஃப்ரெட்டையும் 17 ஆம் ஃப்ரெட்டையும் ஒரே நேரம் அமத்திப் பிடிச்சு, 7 ஆம் ஃப்ரெட்டுக்கு மேல இடைவெளியைப் பாருங்கோ. 0.2 தொடக்கம் 0.3 மி.மீ. இருந்தால் போதும். ட்ரஸ் ரொட்டை (கழுத்தை நிமித்த உள்ள வைச்ச உலோகக் கம்பி) ஒரு தடவைக்கு கால் சுற்றுக்கு மேல திருப்பாதேங்கோ. திருப்பிப் போட்டு ஒரு இரவு விட்டுத் திரும்ப அளவுங்கோ. இறுகி நிண்டால் பலம் போட வேண்டாம், ரொட் முறிஞ்சால் கழுத்தே போச்சு.

பெடல் (கிற்றார் ஒலியை மாத்தக் காலால அமத்திற பெட்டி): கோபேன் பாவிச்ச செம்மஞ்சள் நிற பொஸ் டீ.எஸ்-1 1978 இல வந்தது, இண்டைக்கும் புதுசா வாங்கலாம். 9 வோல்ற், நடு முனை மைனஸ். ரௌட்டர் அடப்டரை எடுத்துக் கொழுவிறவை கனபேர். அதுகளில கனது நடு முனை பிளஸ், சில 12 வோல்ற். பெடல் எரியும் அல்லது பேசாமல் கிடக்கும். பற்றரியில ஓடுறதெண்டால் வாசிக்காத நேரம் இன்புட் ஜக்கில (கிற்றார் வயர் குத்திற துளை) இருந்து வயரைக் கழட்டி வையுங்கோ. அந்த ஜக்தான் சுவிட்ச். கொழுவினபடி விட்டால் கால் வைக்காமலே பற்றரி இறங்கும்.

ஜக்கில கரகரப்பு வந்தால் அது பெரும்பாலும் உப்புப் படிவு. கொன்டாக்ட் கிளீனரை ஜக்கில அடிச்சு, பிளக்கை பத்துத் தரம் உள்ளுக்கும் வெளியிலும் இழுங்கோ. மண்ணெண்ணெய், சமையல் எண்ணெய் ஒண்டும் பூச வேண்டாம். பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பை ரெண்டு போட்டு வையுங்கோ.

சீனன்குடா | 13 யூன் 2024, காலை 8.20

டிஸ்டோர்ஷன் (கிற்றார் ஒலியைக் கரகரப்பாக்கிறது) இருந்தால்தான் ஓல்டர்நேட்டிவா?

அலஸ்தோட்டம் | 13 யூன் 2024, பகல் 1.05

இல்லை. ஆர்.ஈ.எம்., த ஸ்மித்ஸ் ரெண்டிலயும் பெரும்பாலும் தெளிவான கிற்றார், கோர்ட்டைப் பிரிச்சுத் தந்தி தந்தியா வாசிக்கிறது. சொனிக் யூத் எண்ட பான்ட் பாட்டுக்குப் பாட்டு வேற சுருதியில கிற்றாரைக் கட்டினவை. பெடல் இல்லாத பிள்ளை இந்தப் பக்கத்தில தொடங்கலாம்.

ஆனால் மெதுவா–பலமா–மெதுவா எண்ட அமைப்பை மேடையில எடுக்கிறதுதான் கஷ்டம். சரணத்தில பாஸ் கிற்றாரும் ட்ரம்ஸும் மட்டும், கிற்றார் தெளிவா ஒண்டு ரெண்டு சுரம். கோரஸில எல்லாரும் ஒண்டா விழ வேணும். ரெண்டுக்கும் இடையில 6 தொடக்கம் 8 டெசிபல் வித்தியாசம் போதும், காதுக்கு அது மலை மாதிரி. இங்க நடக்கிற கோளாறு என்னெண்டால், சத்தத்தைக் கட்டுப்படுத்திற மிக்சரில நிக்கிறவர் மெதுவான சரணத்தில "கேக்கேல்லை" எண்டு ஃபேடரை (சத்தம் கூட்டிக் குறைக்கிற கட்டை) தூக்குவார். கோரஸ் வந்த உடன மைக் ஊளையிடும், அவர் இறக்குவார், அடுத்த சரணம் காணாமல் போகும். சரணத்தில கையைக் கட்டிக்கொண்டு நிக்கச் சொல்லுங்கோ. கோரஸின் உச்சத்தில நிலையைப் பிடிச்சு, அதில இருந்து பாட்டு முடியுமட்டும் குரலை மட்டும் தொடலாம்.

உப்புவெளி | 16 யூன் 2024, இரவு 9.40

இங்க கடற்கரை விடுதியளில கிரன்பெரீஸ் எண்ட ஐரிஷ் பான்டின்ர 1994 பாட்டு "சொம்பி" கட்டாயம் வரும், நாலு கோர்ட் சுத்திச் சுத்தி: ஈ மைனர், சி, ஜீ, டி. பாஸில எஃப் ஷார்ப் வைச்சு டியைப் பிடிச்சால் சரியான நிறம் வரும். 1993 மார்ச் 20 இங்கிலாந்தின் வொரிங்டனில ஐரிஷ் குடியரசுப் படை வைச்ச குண்டில ரெண்டு பிள்ளையள் இறந்தவை, ஒண்டுக்கு 3 வயது, மற்றதுக்கு 12. டொலோரஸ் ஓ'ரியோர்டன் அதைக் கேட்டு எழுதின பாட்டு. பீர் கிளாசோட ஆடிப் பாடுறவைக்கு இது தெரியாது. தெரியாமல் பாடுற பாட்டு என்ன தாக்கம் செய்யும்?

அலஸ்தோட்டம் | 17 யூன் 2024, இரவு 10.20

தெரிஞ்சவைக்கு இடையிலயே சண்டை இருக்கு. 2023 ரக்பி உலகக் கிண்ணத்தில அயர்லாந்து ரசிகர் அதை மைதானம் முழுக்கப் பாடினபோது, "வன்முறையின்ர மற்றப் பக்கத்தைச் சொல்லாத பாட்டு" எண்டு ஒரு பகுதியினர் எதிர்த்தவை. முப்பது வருசம் கழிச்சும் ஒரு பாட்டு அந்தக் கதையைத் திறக்குதெண்டால் அது தாக்கம்தான்.

இந்த ஊருக்கு அந்தப் பாட்டு வெறும் கடற்கரைப் பாட்டாப் போகக் கூடாது. தமிழ், முஸ்லிம், சிங்களம் மூண்டு வீட்டிலயும் இழந்த பிள்ளையள் இருக்கிற மாவட்டம் இது. மேடையில பாடினால் பாட முன்னம் ரெண்டு வசனம் சொல்லுங்கோ: எந்த ஊர், எந்த வருசம், எத்தினை வயது. விரிவுரை வேண்டாம். அதுக்குப் பிறகு சனம் பாடுறது வேற மாதிரி இருக்கும்.

மூதூர் | 20 யூன் 2024, மாலை 6.15

கெட்ட தாக்கம் ஒண்டும் இல்லையா? 1999 வூட்ஸ்டொக் இசைவிழாவை யாரும் எடுக்கேல்லை.

அலஸ்தோட்டம் | 21 யூன் 2024, இரவு 11.50

எடுக்கத்தான் வேணும். நியூயோர்க் மாநிலம் ரோமில, கைவிட்ட விமானப்படைத் தளத்தில, 1999 யூலை 22 தொடக்கம் 25. ஏறத்தாழ 38 பாகை வெயில், தார் நிலம், நிழல் இல்லை. ஒரு போத்தல் தண்ணி 4 டொலர். கழிப்பறை நிரம்பி வழிஞ்சது. பெண்கள் மேல பாலியல் தாக்குதல் நடந்தது, கடைசி இரவு தீ வைச்சவை. "ரொக் சனத்தை மிருகமாக்கும்" எண்டதுக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் அதுதான்.

மேடையில இருந்து கூட்டத்தை உசுப்பினவைக்குப் பொறுப்பு இருக்கு, அதை மறைக்கேலாது. ஆனால் வெயிலில தண்ணியை விலைக்கு வித்து, பாதுகாப்புக்குப் பயிற்சி இல்லாத ஆக்களை நிப்பாட்டினது ஏற்பாட்டுக்காரர். அதே இசை வட்டத்தில வொஷிங்டனின் ஃபுகாசி பான்ட் என்ன செய்தவை எண்டு பாருங்கோ. நுழைவு பெரும்பாலும் 5 டொலர், எல்லா வயதுக்கும் திறந்தது. கூட்டத்தில யாரும் மற்றவையை இடிச்சுத் தள்ளினால் பாட்டை இடையில நிப்பாட்டி, கடித உறையில 5 டொலரைத் திருப்பிக் குடுத்து வெளியில அனுப்பினவை. ஒலிம்பியாவில இருந்து வந்த பிகினி கில் பான்டின் பாடகி கத்லீன் ஹானா, பெண்களை மேடைக்கு முன்னால வரச் சொல்லி ஆண்களைப் பின்னால போகச் சொன்னவ. முன்வரிசையில நெரிபட்டுப் பின்னால ஒதுங்கின பெண் பிள்ளையள் அதுக்குப் பிறகுதான் கிற்றார்காரரின்ர விரலைக் கிட்டத்தில பாத்தவை, பாத்தவை பான்டும் தொடங்கினவை.

ஓகஸ்ட் நிகழ்ச்சிக்கு இதில இருந்து எடுக்க வேண்டியது: தண்ணி இலவசம், 200 பேருக்கு 19 லீற்றர் கான் பத்துக்குக் குறையக் கூடாது. முன்வரிசையின்ர ஒரு பக்கம் பெண் பிள்ளையளுக்கு. பின்னேரம் 4 மணிக்குத் தொடங்குங்கோ, மூதூர், கிண்ணியாப் பிள்ளையள் பஸ்ஸைப் பிடிக்க வேணும். 2009 இல பாலம் வந்தபடியால் கிண்ணியாப் பயணம் லேசு, ஆனால் இருட்டின பிறகு பஸ் குறைவு. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை முன்கூட்டியே எடுங்கோ. கோயில் பூசை, தொழுகை, மாதா கோயில் நேரங்களைப் பாத்துப் பாட்டு வரிசை போடுங்கோ.

லிங்கநகர் | 22 யூன் 2024, காலை 9.30

ரிக்கற் விலை பற்றிச் சொன்னதோட இதையும் சேருங்கோ. 1994 இல சியாட்டில் பான்ட் பேர்ள் ஜாம் 18 டொலர் ரிக்கற்றுக்கு 1.80 க்கு மேல கட்டணம் போடக் கூடாது எண்டு கேட்டு, ரிக்கற் விக்கிற ரிக்கற்மாஸ்டர் கம்பனிக்கு எதிரா அமெரிக்க நீதித் திணைக்களத்துக்கு முறையிட்டவை. யூன் 30 ரெண்டு பேர் காங்கிரஸ் குழுவுக்கு முன்னால சாட்சி சொன்னவை. 1995 இல விசாரணையை மூடியாச்சு. 2024 மே 23 ஆம் திகதி அதே திணைக்களம் அதே கம்பனிக்கும் தாய்க் கம்பனிக்கும் எதிரா வழக்குப் போட்டது. முப்பது வருசத்துக்கு முதல் கிற்றார்காரர் சொன்னதைத்தான் அந்த வழக்கில அரசாங்கம் சொன்னது.

உவர்மலை | 25 யூன் 2024, இரவு 8.50

பெற்றோருக்கு இப்ப புதுப் பயம், காது.

அலஸ்தோட்டம் | 26 யூன் 2024, இரவு 11.10

சரியான பயம். சோர்வை விட இதுதான் உறுதியான கேடு. காதுக்குள்ள செத்த மயிர்க்கலம் திரும்ப வளராது.

85 டெசிபலில 8 மணித்தியாலம் பாதுகாப்பு எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88 இல 4, 91 இல 2, 94 இல 1 மணித்தியாலம், 97 இல 30 நிமிசம், 100 இல 15 நிமிசம். உலக சுகாதார நிறுவனம் 2022 இல மண்டபங்களுக்கு வைச்ச உச்ச அளவு, 15 நிமிசச் சராசரி 100 டெசிபல். ஓடு பதிச்ச நிலமும் தகரக் கூரையும் உள்ள சின்ன மண்டபத்தில ட்ரம்ஸ் மைக் இல்லாமலே அந்த எல்லையை நெருங்கும். ஆகவே ட்ரம்ஸைத்தான் முதல்ல அடக்க வேணும்: தடிக்குப் பதிலா கட்டுக்குச்சி, ஸ்னேர் மேல ஒரு சின்னத் துணி, பின் சுவரில தடிச்ச திரை அல்லது மெத்தை. பிறகு கிற்றார் அம்பை (அம்ப்ளிஃபயர், சத்தம் பெருக்கிற பெட்டி) நிலத்தில வைக்காமல் கதிரையில சாய்ச்சு, வாசிக்கிறவரின்ர காதை நோக்கித் திருப்புங்கோ. முழங்காலுக்குச் சத்தம் போனால் அவர் கூட்டிக்கொண்டே போவார்.

ஃபோனில ஒலியளவு செயலி போட்டு, ஏ-நிறையிடலை (காது கேக்கிற விதத்துக்கு ஏத்த மாதிரி அளக்கிற முறை) தெரிவு செய்து, முன்வரிசையிலயும் நடுவிலயும் அளவுங்கோ. ஃபோன் மீற்றர் சில டெசிபல் பிழைக்கும், ஆகவே 94 காட்டினால் 97 எண்டு எடுத்து நடவுங்கோ. ஒவ்வொரு 40 நிமிசத்துக்கும் இடைவேளை. வாசலில நுரைப்பஞ்சுக் காதடைப்பு வையுங்கோ: நூல் மாதிரி உருட்டி, மற்றக் கையைத் தலைக்கு மேலால கொண்டு போய்க் காதை மேலயும் பின்னாலயும் இழுத்து, உள்ள விட்டு 30 செக்கன் அமத்திப் பிடிக்க வேணும். சும்மா செருகினால் பிரயோசனம் இல்லை.

இன்னொண்டு, இதை ஒருத்தரும் விளையாட்டா எடுக்க வேண்டாம். அம்பில இரைச்சல் வருதெண்டு பிளக்கின் ஏர்த் முனையைக் கழட்டி விடுறது இங்க வழக்கம். கிற்றார் தந்தியில கை, மைக்கில உதடு, ரெண்டுக்கும் இடையில மின் வித்தியாசம் வந்தால் 230 வோல்ற் ஆளுக்குள்ளாலதான் போகும். ஏர்த்தைத் தொடவே கூடாது. மேடைச் சாமான் எல்லாத்தையும் ஒரே சொக்கற்றில இருந்து பிரிச்சு எடுங்கோ, பாதி இரைச்சல் அதிலயே போகும். மிச்சத்துக்கு டீ.ஐ. பெட்டியில (கிற்றாரை மிக்சருக்கு இணைக்கிற சின்னப் பெட்டி) உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கு, அது சிக்னலைத்தான் பிரிக்கும், மின்சார ஏர்த்தை இல்லை. மண்டபத்து ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர்தானா, டெஸ்ட் பொத்தானை அமத்தினால் விழுதா எண்டு முதல் நாளே பாருங்கோ. விழாட்டி அந்த மண்டபம் வேண்டாம்.

திருக்கடலூர் | 28 யூன் 2024, இரவு 10.05

இந்த இசை இஞ்ச வந்த வழியையும் எழுதுங்கோ. சிற்றலை ரேடியோவில பழைய ஆக்கள் இதைக் கேட்டு "இரைச்சல்" எண்டதுக்கு நியாயம் இருக்கு. சிற்றலையில குரலும் இசையும் 5 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேல வராது. டிஸ்டோர்ஷன் கிற்றாரின்ர மேல்சுரங்களும் சிம்பலும் வெட்டுப்பட்டு, மிஞ்சிறது நடுவில ஒரு கரகரப்பு. இதே ஊரில ஜேர்மன் வானொலியின் சிற்றலை மறுஒலிபரப்பு நிலையம் 2013 இல இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறும்வரை ஓடினது. அலை எங்கட கரையில இருந்து ஆசியா முழுக்கப் போனது. வடக்கில கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோவும் கசெற்றும் கேட்டவை. மிதி குறைய வேகம் குறையும், கசெற் சுருதி இறங்கும்.

மூதூர் | 3 யூலை 2024, இரவு 9.25

ஸ்டூடியோவுக்குக் காசில்லாமல் பாட்டைப் பதிய வழி?

அலஸ்தோட்டம் | 4 யூலை 2024, இரவு 11.35

2024 மே 7 இல காலமான ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 1993 பெப்ரவரியில மினசோட்டாவில நிர்வாணாவின் அடுத்த தட்டை ரெண்டு கிழமைக்குள்ள பதிஞ்சவர். விற்பனையில பங்கு வேண்டாம், வேலைக்குக் கூலி போதும் எண்டு எழுதிக் குடுத்தவர். பாடினவையின்ர காசு பாடினவைக்கு எண்டது அவரின்ர பிடிவாதம். பான்ட் ஒண்டா நிண்டு வாசிக்கிறதை, அறையின்ர ஒலியோட சேர்த்துப் பிடிக்கிறதுதான் அவரின்ர வழி. அது ஃபோனுக்கும் ஏறும்.

ஃபோனை மேடையில இருந்து 3 மீற்றர் தள்ளி, தலைக்கு மேல ஒரு முழ உயரத்தில, சுவருக்குக் கிட்ட வராமல் நிப்பாட்டுங்கோ. மூலையில வைச்சால் பாஸ் ஊதும். தானியங்கி ஒலிமட்டத்தை நிப்பாட்டக் கூடிய பதிவுச் செயலியைப் பாவியுங்கோ, இல்லாட்டி மெதுவான சரணத்தை அது தானாத் தூக்கி, கோரஸை நசுக்கிப் போடும். மிகப் பலமான கோரஸை வாசிச்சு, உச்சம் மைனஸ் 6 டெசிபலில நிக்கிற மாதிரி அளவை வையுங்கோ. ஃபோனின் மைக்கே பலத்த சத்தத்தில சிதறுதெண்டால் அளவை இறக்கிப் பயனில்லை, இன்னும் 2 மீற்றர் பின்னால போங்கோ.

குரல் முங்கினால் குரலைக் கூட்டாதேங்கோ. பாடுறவரின்ர ஸ்பீக்கரை ஃபோன் பக்கம் திருப்பி, கிற்றார் அம்பை அரை மீற்றர் பின்னுக்குத் தள்ளி, திரும்ப ஒரு தடவை பதியுங்கோ. மின்விசிறியை நிப்பாட்டுங்கோ, கச்சான் பக்க யன்னலையும் சாத்துங்கோ. மூண்டு தரம் பதிஞ்சு, பிழை குறைஞ்சதை விட்டுட்டு, எல்லாரும் ஒண்டா நிண்ட பதிவை எடுங்கோ.

மூதூர் | 5 யூலை 2024, காலை 6.50

யன்னலைச் சாத்தினால் வெக்கையில ட்ரம்ஸ் பிள்ளை மயங்கும்.

அலஸ்தோட்டம் | 5 யூலை 2024, காலை 7.15

அப்ப விடியக் காத்து எழும்ப முதல் பதியுங்கோ. கிற்றாரை அரை மணித்தியாலம் முதலே பெட்டியில இருந்து எடுத்து அந்த அறையில வையுங்கோ, சுருதி நிலைக்க அந்த நேரம் வேணும்.